பூட்டியின் கைரேகை எங்கே இருக்கும்?

கேள்வி இதுதான். தன் அப்பத்தாவைப் பெற்ற அம்மா, அதாவது பூட்டி, எப்படி வாழ்ந்தார் என்று பழைய ஆவணங்களைக் கொண்டு தெரிந்துகொள்ள ஒருவர் விரும்புகிறார். ஊர் சிவகங்கைப் பக்கம். 1910 வாக்கில் பிறந்து 1970களில் இறந்திருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர். கொஞ்ச காலம் சிலோனில் இருந்ததாகக் கேள்வி. பெயர் தெரியும், ஆனால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். சொத்துபத்தும் பெரிதாக இல்லை. இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி எந்தக் காகிதத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று கேட்கிறார்.

இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பத்திரம் எழுதுவதுதான் என் தொழில். பழைய பத்திரங்களைப் படித்துப் படித்து எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயத்தை முதலில் சொல்கிறேன். ஆணைத் தேடுகிற வழியில் பெண்ணைத் தேடினால் கிடைக்க மாட்டார். ஆணின் பெயர் பட்டாவில், தீர்வை ரசீதில், கடன் நோட்டில் என்று வருஷா வருஷம் வந்துகொண்டே இருக்கும். பெண்ணின் பெயர், அவர் சம்மதம் இல்லாமல் காரியம் நகராது என்ற கட்டம் வரும்போதுதான் எழுதப்படும். அப்படிப்பட்ட கட்டங்கள் ஒரு வாழ்க்கையில் நாலைந்துதான் வந்திருக்கும். உங்கள் பூட்டி விஷயத்தில் அவை எவை என்று யோசித்துவிட்டால் எந்த அலுவலகத்தில், எந்த வருஷத்தில், யார் பெயரில் தேட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பெயரிலிருந்து ஆரம்பிப்போம். இரண்டு பெயர் சொல்கிறார்கள் என்றால் இரண்டும் சரியாகவே இருக்கலாம். பேத்தி என்ற சொல்லே பெயர்த்திதான், பாட்டியின் பெயரைத் தாங்குபவள். அப்பாவைப் பெற்றவரின் பெயரைத்தான் மூத்த பேத்திக்கு வைப்பார்கள். ஆனால் அந்த வீட்டு மருமகள் தன் மாமியார் பெயரை வாயால் சொல்ல மாட்டார். பெற்ற பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? ராசாத்தி, சின்னப்பொண்ணு, ஆத்தா என்று கூப்பிடுபெயர் ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். ஊரில் எல்லோரும் கூப்பிட்டது அந்தப் பெயர், காகிதத்தில் ஏறியது பாட்டி பெயர். வாக்கப்பட்டுப் போன ஊரிலோ பிறந்த ஊரைச் சேர்த்து 'இன்ன ஊர்க்காரி' என்று மூன்றாவதாக ஒன்றைச் சொல்லியிருப்பார்கள். கேள்விப்பட்ட எல்லாப் பெயரையும், யார் சொன்னார்கள் என்பதோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதையும் தவறு என்று தள்ளிவிடாதீர்கள். பழைய ஏடுகளில் பெயரோடு அம்மாள், ஆயி, ஆத்தாள் என்று எழுதுபவர் தன் விருப்பத்துக்குச் சேர்த்திருப்பார், அதையும் எதிர்பாருங்கள்.

அடுத்தது பிறந்த ஊர். எனக்குத் தெரிந்து எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். புகுந்த ஊரில் அவர் இன்னாரின் பெண்சாதி. பிறந்த ஊரில்தான் அவருக்கு அப்பா, அண்ணன் தம்பி, பங்கு, உரிமை எல்லாம். அந்த ஊர் தெரியாவிட்டால் அலுவலகம் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம், வீட்டிலேயே தேடுங்கள்.

வீட்டில் எங்கே தேடுவது? அப்பத்தா கல்யாணத்து மொய் நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மொய் நோட்டில் பிள்ளையார் சுழிக்குக் கீழே முதல் ஆளாகத் தாய்மாமனைத்தான் எழுதுவார்கள், ஊர்ப் பெயரோடு. அப்பத்தாவின் தாய்மாமன் என்றால் பூட்டியின் அண்ணனோ தம்பியோதானே? அந்த ஒரு வரி கிடைத்தால் பூட்டியின் பிறந்த ஊரும், உடன்பிறந்தவர் பெயரும் ஒன்றாகக் கையில் வந்துவிடும். அதே ஊர்ப் பெயர் போட்டு அடுத்தடுத்து வரும் நாலைந்து பெயர்கள் பெரும்பாலும் அவருடைய பங்காளி வீடுகள். தொகை சின்னதாக இருக்கும், ஒரு ரூபாய், எட்டணா என்று. அதைப் பார்த்து அந்த நோட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது.

நோட்டு இல்லையா, பரணில் இருக்கும் பித்தளைப் பாத்திரங்களை இறக்குங்கள். சீராக வந்த அண்டா, குத்துப்போணி, தாம்பாளம் இவற்றின் விளிம்பில் பேர் வெட்டியிருப்பார்கள். புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும், கறுத்துப் போனதால் கண்ணுக்குத் தெரியாது. புளி போட்டுத் துலக்கிவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். முதலெழுத்து அவருடைய அப்பாவின் பெயருக்கானதாக இருந்தால் அது பிறந்த வீட்டில் வெட்டியது. சில பாத்திரங்களில் வருஷமும் தேதியும்கூட இருக்கும். கல்யாணத் தேதிக்கு அதைவிட நல்ல சாட்சி சாதாரணக் குடும்பங்களில் எளிதில் கிடைக்காது.

ஜாதக நோட்டு கிடைத்தால் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். 'சாதாரண வருஷம் சித்திரை மாதம்' (சாதாரண என்பது அந்த அறுபதில் ஒரு வருஷத்தின் பெயர்) என்று இருந்தால் அது 1910 ஆகவும் இருக்கலாம், 1970 ஆகவும் இருக்கலாம். பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே பெயர் என்பதால் இந்தக் குழப்பம் நிஜமாகவே வரும், தாளின் பழுப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கட்டத்தைப் பாருங்கள். குருவும் சனியும் அறுபது வருஷம் கழித்துக் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு, மிஞ்சினால் அடுத்த ராசிக்கு, வந்து நின்றுவிடும், அவற்றை நம்ப முடியாது. ராகுவுக்கு ஒரு சுற்று பதினெட்டரை வருஷம். ஆகவே அறுபது வருஷத்தில் மூன்று ராசி விலகிவிடும். 1910 சித்திரையில் ராகு ரிஷபத்தில் இருந்தது, 1970 சித்திரையில் கும்பத்தில். ஜாதகத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, தேதி கண்டுபிடிக்க அது அருமையான ஆவணம்.

சரி, ஊர் தெரிந்துவிட்டது, அண்ணன் தம்பி பெயரும் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பத்திரப் பதிவுக்கு வருவோம்.

சொத்தில்லாதவருக்குப் பத்திரம் ஏது என்று கேட்கலாம். அவருக்கு இல்லாமல் இருக்கலாம், அவர் அப்பாவுக்கு அரைக் குழி நிலம் இருந்திருந்தால் போதும். 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் பங்குக்கு மகனைப் போலவே மகளும் வாரிசு. ஆனால் ஊர் வழக்கத்தில் மகளுக்கு நிலம் கொடுக்கும் பழக்கம் கிடையாது. அப்புறம் அண்ணன் தம்பிகள் அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ போனபோது, 'தங்கச்சி கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டோம்' என்று எதிராளி சொல்லியிருப்பார். அப்போது கல்யாணமாகி இருபது முப்பது வருஷம் ஆன பெண்ணை வண்டி கட்டிப் போய் அழைத்து வந்து ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருப்பார்கள். 1956க்குப் பிந்தைய இருபது முப்பது வருஷத்தில் இப்படி எழுதப்பட்ட விடுதலைப் பத்திரங்கள் ஏராளம். நம் பாட்டிமார்கள் வரிசையாக நிற்கும் இடம் அதுதான். தங்களுக்கு உரிமை கிடைத்த சட்டத்தின் பெயரால், அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் காகிதத்தில்தான் முதல்முறையாகத் தங்கள் பெயரில் தோன்றுகிறார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அது வலிக்கும்.

1956க்கு முன் என்றால் வேறு மாதிரிப் பத்திரங்களைத் தேட வேண்டும். கணவர் இளவயதில் இறந்திருந்தால் 'மைனர் இன்னாருக்குத் தாயும் கார்டியனுமான இன்னாள்' என்று வந்திருக்கும். கொழுந்தன்மார்கள் ஜீவனாம்சமாக வருஷத்துக்கு இத்தனை கலம் நெல் தருவதாக எழுதிக்கொடுத்த பத்திரம் இருக்கலாம். மகளுக்கு மஞ்சள்காணியாக, அதாவது சீராக, விட்ட நிலம் இருந்தால், அடுத்த வயல்காரர் பத்திரத்தில் நான்குமால், அதாவது நான்கு பக்க எல்லை, சொல்லும்போது 'இன்னாள் நிலத்துக்கு வடக்கு' என்று போகிற போக்கில் அவர் பெயர் வந்துவிடும்.

எப்படித் தேடுவது? பதிவுச் சட்டம் 1908ஐத்தான் இன்றும் பின்பற்றுகிறோம். அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதலாம் புத்தகத்தில் ஏறும். அதற்கு முதலாம் அட்டவணை என்று பெயர்வாரி அட்டவணை ஒன்று உண்டு, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் இருவர் பெயரும் அதில் இருக்கும். இரண்டாம் அட்டவணை சொத்துவாரி. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் இவற்றைப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயில் மூன்றாம் புத்தகம், எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலையும் கேட்கலாம். 1975 முதலான வில்லங்க விவரங்களைப் பெரும்பாலும் இணையத்திலேயே பார்த்துவிடலாம், அதற்கு முந்தியதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட வேண்டும். பூட்டி பெயரில் மட்டும் கேட்டால் பெயர்க் குழப்பத்தில் 'இல்லை' என்று வந்துவிடும். பிறந்த ஊரைச் சேர்ந்த அண்ணன் தம்பி பெயர்களைக் கொடுத்து, 1956 முதல் அந்த நிலம் விற்ற வருஷம் வரை என்று கேளுங்கள்.

பழைய காகிதத்தில் 'ராமநாதபுரம் ஜில்லா, சிவகங்கை தாலுகா' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். ராமநாதபுரம் ஜில்லாவே 1910இல்தான் மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளைப் பிரித்து உண்டானது. சிவகங்கை 1985இல்தான் தனி மாவட்டமானது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முன் சிவகங்கை ஜமீன் கிராமங்களின் நிலக் கணக்கு ஜமீன் கையில் இருந்தது, அதனால் அரசுப் பட்டா அதற்குப் பிந்தியதாகத்தான் இருக்கும். தீர்வை ரசீதில் பசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு வருஷம்) எண் இருந்தால் 590ஐக் கூட்டுங்கள், பசலி 1350 என்றால் 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை.

நகல் கைக்கு வந்ததும் நிலத்தின் விவரத்தைத் தாண்டிப் படியுங்கள். அவர் வயது 'சுமார் 48' என்று இருக்கும், அந்த 'சுமார்' ஐந்தாறு வருஷம் முன்னே பின்னே போகும். இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்ன ஊரில் வசிப்பவர் என்று இருக்கும். மனைவி என்றா, விதவை என்றா எழுதியிருக்கிறது என்று பாருங்கள், பூட்டன் எப்போது இறந்தார் என்பதற்கு அது ஒரு எல்லைக்கல். அவருக்குக் கொடுத்த தொகை, அது ரொக்கமா, முன்பே செய்த சீருக்கு ஈடா என்பதும் இருக்கும். அவரை அடையாளம் காட்டிய இரண்டு பேர் யார் என்று பாருங்கள். முத்திரைத்தாளின் பின்பக்கம் விற்பனையாளர் யாருக்கு, எந்த ஊரில், என்றைக்கு விற்றார் என்று குறித்திருப்பார். பத்திரம் எழுத முன்நின்றது யார் என்பது பெரும்பாலும் அதில் தெரியும்.

ஒரு விஷயம், நகலில் கைரேகை இருக்காது. அந்தக் காலத்தில் பத்திரத்தைப் புத்தகத்தில் கையால் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ரேகை விழுந்திருப்பது அசலில், அப்புறம் அலுவலகத்தின் கைரேகைப் பதிவேட்டில். இன்னும் பழையது என்றால் ரேகைக்குப் பதில் ஒரு கைக்கீறல், பக்கத்தில் 'இன்னாள் கீறல்' என்று எழுதுபவரின் குறிப்பு. அசல் யாரிடம் இருக்கும் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

பிறப்பு இறப்புப் பதிவு அடுத்தது. மதராஸ் மாகாணத்தில் 1899 சட்டத்தின்படியும், பிறகு 1969 மத்திய சட்டத்தின்படியும் பதிவுகள் நடந்தன. கிராமங்களில் ஏட்டை எழுதியவர் கிராம முன்சீப், 1980இல் அந்தப் பதவியே போய் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பழைய ஏடுகள் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் அல்லது தாலுகா அலுவலகத்தில் இருக்கும். சில ஊர்களில் கறையான் தின்றுவிட்டது, அது நம் கையில் இல்லை.

1910இல் பிறந்த உங்கள் பூட்டியின் பிறப்புப் பதிவைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் யோசனை. பிறந்த சில நாளில் எழுதியதால் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அப்பா பெயருக்கு நேரே 'பெண்' என்று மட்டும் இருக்கும். அதற்குப் பதில் அவர் பெற்ற பிள்ளைகளைத் தேடுங்கள். பூட்டன் பெயர், புகுந்த ஊர், 1926 முதல் 1952 வரை என்று வைத்துக்கொண்டு பிறப்பு ஏடு, இறப்பு ஏடு இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்காக நான் இப்படிப் பார்த்தபோது, அவர்களுக்குத் தெரிந்து பாட்டிக்கு ஐந்து பிள்ளைகள். ஏட்டில் எட்டுப் பிறப்பு. ஒரு பையன் இரண்டு வயதில், காரணம் 'பேதி'. இன்னொரு பையன் ஐந்து மாதத்தில், 'காய்ச்சல்'. மூன்றாவது பெண், ஏழு நாள், பெயர் இல்லை. அந்த மூன்றும் நான்கு வருஷத்துக்குள் நடந்திருந்தன. 'அப்பத்தா ஏன் எப்போதும் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது' என்று அந்த வீட்டுப் பெரியவர் சொன்னார். இரண்டு பிறப்புக்கு நடுவே நீண்ட இடைவெளி இருந்தாலும் யோசியுங்கள். பூட்டன் மட்டும் சிலோனுக்குப் போயிருந்த காலமாக இருக்கலாம், அல்லது இருவருமே போயிருந்து பிள்ளை அங்கே பிறந்திருக்கலாம்.

சிலோனுக்கு வருவோம். பாம்பன் பாலம் 1914இல் திறந்த பிறகு மண்டபம், தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னார் போவது சுலபமானது. 1939இல் தோட்ட வேலைக்கு ஆள் போவதை இந்திய அரசு தடுத்துவிட்டது. ஆகவே கூலி வேலைக்காகப் போயிருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்திதான், அவருடைய இருபதுகளில். பெண்கள் அங்கே சும்மா கூடப் போனவர்களாக இருக்க மாட்டார்கள், கொழுந்து எடுத்திருப்பார்கள். தோட்டத்தின் செக்ரோலில், அதாவது வேலையாள் வருகை ஏட்டில், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பேர் (ஒரு முழுநாள் வேலைக் கணக்கு) விழும், வேலை குறைந்தால் அரைப்பேர். நம் ஊர் ஏடுகளைப் போலில்லாமல் அதில் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு வரி உண்டு. பழைய செக்ரோல்கள் அரிதாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. பிள்ளை அங்கே பிறந்திருந்தால் இலங்கைப் பிறப்புச் சான்றுக்கு முயலுங்கள், தாயின் பெயருக்கு அதில் தனிக் கட்டம் உண்டு. தோட்டப் பெயரும் மாவட்டமும் தெரிய வேண்டும். 'கண்டிச் சீமை' என்று மட்டும் சொன்னால் பத்தாது, மலைநாடு முழுவதையும் அப்படித்தான் சொல்வார்கள்.

சொந்தக்காரர்களில் யாராவது அங்கேயே தங்கிப் பிறகு வந்தவர்களா என்றும் கேளுங்கள். 1949 சட்டப்படி அங்கே குடியுரிமை கேட்டவர்கள் எத்தனை வருஷம் தொடர்ந்து இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்தவர்களிடம் பாஸ்போர்ட்டும் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையும் இருக்கும். நிரூபித்து நிரூபித்துப் பழகிய குடும்பங்கள் என்பதால் ஒரு துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் இவ்வளவு சிரமம் இல்லை, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் பங்குக் கோயிலில் பதிவேடு உண்டு, பெண்ணின் பெயர் அவள் பெயராகவே இருக்கும். முஸ்லிம் குடும்பம் என்றால் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் மணப்பெண் பெயர், அவருடைய வலி (பெண்ணின் சார்பில் நிற்கும் பொறுப்பாளர்) யார், மஹர் (மணமகன் பெண்ணுக்குக் கொடுக்கும் மணக்கொடை) எவ்வளவு என்பதெல்லாம் இருக்கும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். இங்கிலாந்தில் நூறு வருஷத்துக்கு முந்தைய கணக்கெடுப்பில் வீடு வீடாகப் பெயர் பார்க்க முடிகிறது, இங்கே தனிநபர் விவரம் பார்வைக்குக் கிடையாது, 1948 சட்டம் அதைத் தடுக்கிறது. வாக்காளர் பட்டியலில் வயதும் கணவர் பெயரும் கிடைக்கும். ஆனால் 1951-52 முதல் பொதுத்தேர்தலின்போது, சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் பதிந்திருந்த ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நாடு முழுவதும் நீக்கப்பட்டன. அதில் பெரும்பகுதி வடமாநிலங்கள்தான் என்றாலும், பட்டியலில் இல்லை என்பதாலேயே அந்த ஊரில் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

தேடும்போது எதிர்பாராத வார்த்தை ஏதாவது கண்ணில் படலாம். 'இளைய தாரம்' என்று இருக்கலாம், முதல் கல்யாணம் ஒன்று அறுந்து போனது தெரியலாம். உடனே எல்லோருக்கும் வாட்சப்பில் அனுப்பிவிடாதீர்கள். வீட்டில் மூத்தவரிடம் தனியாக உட்கார்ந்து, காகிதத்தைக் காட்டாமல், முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். அவருக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும்.

இனி அந்த அசல் பத்திரம். விடுதலைப் பத்திரத்தின் அசல் எழுதிவாங்கியவரிடம்தான் இருக்கும், அதாவது பூட்டியின் அண்ணன் தம்பி வீட்டில். இன்றைக்கு அவர்களின் பேரன் பேத்திகள் வீட்டில், ஏதோ ஒரு டிரங்குப் பெட்டியில். நிலம் கைமாறியிருந்தால் மூலப் பத்திரமாக வாங்கியவரிடம் போயிருக்கும், அதையும் விசாரிக்கலாம். அந்த வீட்டுக்குப் போகும்போது பத்திரம் என்ற வார்த்தையோடு போகாதீர்கள், பங்கு கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார்கள். பூட்டியின் போட்டோ இருந்தால் அதை எடுத்துக்கொண்டு, 'உங்கள் வீட்டில் பிறந்த பெண்ணின் வழி நாங்கள்' என்று சொல்லிப் போங்கள். ஒருமுறைக்கு இரண்டுமுறை போங்கள். பெட்டி தானாகத் திறக்கும்.

தாளை விரித்ததும் கடைசிப் பக்கத்தின் கீழே பாருங்கள். களை எடுத்து, கொழுந்து கிள்ளித் தேய்ந்த விரலில் ரேகை சரியாக விழாது, மசியை அதிகமாகத் தடவி அழுத்தி உருட்டியிருப்பார்கள். நடுவில் கறுப்பாக அப்பி, ஓரத்தில் மட்டும் நாலைந்து கோடு தெரியும். கைபேசியில் படம் எடுக்கும்போது ஃபிளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள்.